பதினொரு தாளும் பிள்ளையார் சுழியும்

என்னை ஒருத்தரும் எழுதச் சொல்லேல்லை எண்டு பிறகு ஒரு கதை கட்டிச்சினம். சுத்தப் பொய். கையிலை படிவம் தந்து, "இந்தத் துறைமுகத்திலை எங்கையெங்கை ஓட்டை இருக்கெண்டு உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கோ, பேர் போடத் தேவையில்லை" எண்டு சொன்னவை. நான் எழுதினன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு அது. ஜேர்மனியிலை வேசர் ஆறு கடலோடை சேரப்போற பக்கத்திலை, மரமும் மாட்டுத் தீவனமும் இரும்புச் சுருளும் இறக்கிற ஒரு சின்னத் தனியார் துறை. அமெரிக்காவிலை கோபுரங்கள் விழுந்தாப்பிறகு உலகத்துத் துறைமுகங்கள் எல்லாத்துக்கும் புதுச் சட்டம் வந்திருந்தது. அரசாங்க ஆள் ஒருத்தர் வந்து எது பலவீனம், எதாலை ஆபத்து வரும் எண்டு மதிப்பிடுவார். அதை வைச்சுத் துறைக்காரர் பாதுகாப்புத் திட்டம் எழுத வேணும். ஆடி மாசத்துக்கிடையிலை திட்டம் சரிவராட்டில் வெளிநாட்டுக் கப்பல் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்காது. நான் அந்தத் துறையின்ரை பிரதான வாசல்லை காவலுக்கு நிண்டனான்.

ஓம், காவலுக்குத்தான். சிரிக்கிறவை சிரிக்கலாம், எங்கடை சனமே சிரிச்சது. பிறந்தநாள் வீடுகளிலை பெண்டுகள் வந்து, "உமக்குத் துவக்கும் தந்திருக்கினமோ?" எண்டு கேப்பினம். "ஓம், ரெண்டு தந்தவை, ஒண்டை உங்களுக்குத் தரட்டோ?" எண்டு கேட்டாப்பிறகுதான் வாயை மூடிக்கொண்டு ரோல்ஸ் எடுக்கப் போவினம். அஞ்சடிக்கு ஒரு விரற்கடை குறைவான பொம்பிளை லொறிக்காரரை மறிச்சுக் கடதாசி கேக்கிறது அவைக்குப் பகிடி. லொறிக்காரருக்கு அது பகிடியாத் தெரியேல்லை எண்டது மட்டும் எனக்குத் தெரியும்.

அதுக்கு முந்தி ஆறு வருசம், அதே துறையின்ரை நிர்வாகக் கந்தோர்க் கட்டடத்திலை கக்கூஸ் கழுவினவள் நான். பிறகு காவல் வேலைக்குச் சோதினை எடுக்கலாம் எண்டு கேள்விப்பட்டு, ஜேர்மன் சட்டப் பந்திகளைச் சோறு அவிய அவிய அடுப்படியிலை நிண்டு பாடமாக்கினனான். எழுத்துச் சோதினை பாஸ். வாய்ச் சோதினையிலை முதல் தரம் விழுந்தன். ரெண்டாம் தரம் போய் கேள்வி கேட்ட மூண்டு ஆம்பிளையளுக்கு முன்னாலை பந்தி பந்தியா ஒப்புவிச்சு எழும்பினன். சீருடை தந்திச்சினம். கை நீளம், மடிச்சுத் தைச்சன். ஒரு அட்டையும் தந்திச்சினம். வாசல் இயந்திரத்திலை பிடிச்சால் பச்சை விளக்கு எரியும். முதல் நாள் சும்மா ரெண்டு தரம் பிடிச்சுப் பாத்தனான். அதிலை இருந்த என்ரை படம் சரியான அசிங்கம், மாடு வெருண்ட மாதிரி முழி. ஆனால் இந்த நாட்டிலை எனக்குக் கிடைச்ச கடதாசிகளுக்குள்ளை, ஒருத்தரும் இரங்கித் தராமல் நானே சோதினை எழுதி எடுத்தது அது ஒண்டுதான். அதைக் கழுத்திலை கொழுவிக்கொண்டுதான் நான் பஸ்ஸிலையும் போறனான்.

புதுச் சட்டத்தோடை துறைக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரும் வந்தார். முப்பத்தைஞ்சு வயசு இருக்கும், இஸ்திரி கலையாத சேட், கொஞ்ச நாள் பயிற்சி முடிச்ச சூடு. கெட்ட மனுசன் எண்டு சொல்ல மாட்டன். எதைச் சொன்னாலும் "நல்லது, நல்லது" எண்டு தலையாட்டிக்கொண்டே நடந்து போற ஆள். அவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை வந்து காவலாளியள் பதினாலு பேருக்கும் படிவம் குடுத்தார். அரசாங்கத்திலையிருந்து மதிப்பீட்டுக்காரி வாறா, வாசல்லை நிக்கிற ஆக்களின்ரை கருத்தும் அவவுக்கு வேணுமாம், அரைப்பக்கம் காணும், திங்கட்கிழமை பெட்டிக்குள்ளை போட்டுவிடுங்கோ எண்டார்.

என்னோடை ஷிப்ட் மாறுற மீசைக்காரர் படிவத்தைச் சுவரிலை வைச்சு நிண்டபடியே "எல்லாம் ஒழுங்கு" எண்டு எழுதிப்போட்டுக் கோப்பி குடிக்கப் போயிட்டார். அந்தாளுக்கு அரை நிமிசம்.

எனக்கு அப்பிடி எழுத வராது. யாழ்ப்பாணத்திலை ஏ.எல் சோதினை எடுத்த பிள்ளை நான். அங்கை ஒரு கேள்விக்கு அரைப்பக்கம் எழுதினால் உனக்கு ஒண்டும் தெரியாது எண்டு அர்த்தம். சோதினை மண்டபத்திலை எவளோ ஒருத்தி எழும்பி மேலதிகத் தாள் கேப்பாள். அந்தக் கதிரைச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேக்கும். உடனை எல்லாரும் விழுந்தடிச்சு எழுதுவம். இடப்பக்கம் அடிமட்டம் வைச்சு ஒரு கோடு. தலைப்புக்குக் கீழை சிவப்புக் கோடு. கடைசியிலை தாளெல்லாம் அடுக்கி மூலையிலை நூல் கோத்துக் கட்டிக் குடுக்கிறது. ஒவ்வொரு தாளின்ரை உச்சியிலையும் 'உ' எண்டு ஒரு பிள்ளையார் சுழி. மற்றவை முதல் தாளிலை மட்டும் போடுவினம். தாள் கழண்டு தனியாப் போனாலும் பிள்ளையார் கூடப் போகட்டும் எண்டு நான் எல்லாத்திலையும் போடுறனான். கடைக்குச் சாமான் எழுதினாலும் எனக்கு முதல்லை அதுதான் கையிலை வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைச்சுப்போட்டு இருந்தன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஏன் வராது? வாசல்லை நிக்கிறவளுக்கு வாசல் தெரியும், ஆறு வருசம் கூட்டிக் கழுவினவளுக்கு உள்ளுடம்பு முழுக்கத் தெரியும். காலமை சரக்கு ரயில் உள்ளை வரேக்கை ரயில் கேற்றைத் திறந்தால், அது வெளியிலை போற பின்னேரம் வரைக்கும் ஆவெண்டு திறந்தபடி கிடக்கும், ஆர் இறங்கிப் போய் மூடுறது எண்ட பஞ்சி. தீவனக் களஞ்சியத்துக்கு மேலை இருக்கிற கமராவிலை ரெண்டு வருசமாத் தெரியிறது ஒரு கடற்காகத்தின்ரை பின்பக்கம் மட்டுந்தான். வெளிக் கொம்பனி வேலையாக்களுக்கு எண்டு ஆறு அட்டை ஒரு ஆணியிலை தொங்கும். எந்த மூஞ்சைக்கு எந்த அட்டை எண்டு பாக்கிற ஆள் கிடையாது. கந்தோர்க் கட்டடத்தின்ரை தெருப்பக்கச் சுவர்தான் அந்த இடத்திலை துறையின்ரை வேலி. அந்தச் சுவரிலை நிலவறைக்குப் போற இரும்புக் கதவொண்டு இருக்கு. சிகரெட் பத்தப் போறவை அது சாத்துப்பட்டுப் போகுமெண்டு ஒரு மரக்கட்டையைச் செருகி வைக்கிறவை. காலமை செருகின கட்டை பின்னேரந்தான் எடுபடும்.

இன்னொண்டும் எழுதினன். கப்பலிலையிருந்து இறங்கிற பிலிப்பீன்ஸ் பெடியளையும் எங்கடை நாட்டுப் பக்கத்துப் பெடியளையும் மூண்டு தரம் சோதிக்கிறம். பல்லுத்தீட்டிற பசையையும் பிதுக்கிப் பாக்கிறம். தலை நரைச்ச மனுசர் நல்ல காரிலை வந்து கை காட்டினால் வாசல் தடியைத் தூக்கி விடுறம். வெளியிலை போற ஏழையைப் பாத்துக்கொண்டு நிக்கிற காவலாலை உள்ளை வாற கள்ளனைப் பிடிக்கேலாது எண்டு எழுதி, அதுக்குக் கீழை ரெண்டு கோடு போட்டன். ஒவ்வொரு ஓட்டைக்கும் எதிரிலை அதை எப்பிடி அடைக்கிறது எண்டும் எழுதினன். கடைசித் தாளிலை வரைபடம் கீறினன். ஓட்டைக்குச் சிவப்புப் பென்சில், பரிகாரத்துக்குப் பச்சைப் பென்சில்.

என்ரை மனுசன் மீன் பக்டரியிலை வேலை. ஞாயிறு லீவு. தேத்தண்ணியோடை வந்து எட்டிப் பாத்தார். "இஞ்சேர், இதென்ன திரும்ப ஏ.எல் எடுக்கப் போறீரோ? அரைப்பக்கம் எண்டுதானே சொன்னவை?"

"அரைப்பக்கத்திலை ரயில் கேற்றே முடியாதப்பா," எண்டன்.

பதினொரு தாள் வந்தது. நூல் கோத்து மூலையிலை கட்டினன். அவை சொன்னபடி பேர் போடேல்லை. திங்கட்கிழமை பெட்டிக்குள்ளை போடப் போனால் வாய் ஒடுக்கம், ரெண்டா மடிச்சு அமத்தித்தான் உள்ளை தள்ளினனான். ரெண்டு நாளா எனக்குத் தலைக்கனம் எண்டால் சொல்லி வேலையில்லை. முதற்பிரிவிலை பாஸ் பண்ணினவள் மாதிரித் திரிஞ்சன்.

புதன்கிழமை காலமை அட்டையைப் பிடிக்கச் சிவப்பு எரிஞ்சது. துடைச்சுப்போட்டுப் பிடிச்சன். சிவப்பு. உள்ளுக்கை இருந்த மீசைக்காரர் கணினியைப் பாத்தார், என்னைப் பாத்தார், மேசையைப் பாத்தார். "உன்ரை அட்டையை மறிச்சிருக்கினம்," எண்டு சொல்லி ஒரு கடித உறையை யன்னலாலை நீட்டினார். என்ரை நம்பகத்தன்மை தெளிவுபடும் வரைக்கும் எனக்கு வேலை இல்லையாம். வாற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, கந்தோர்க் கட்டடத்தின்ரை ரெண்டாம் மாடியிலை விசாரணைக்கு வர வேணுமாம். வராட்டில் நான் இல்லாமலே முடிவெடுப்பினமாம்.

பேரில்லாத படிவம் ஆற்றை எண்டு பிடிக்கத் துப்பறிய ஒண்டும் தேவைப்பட்டிராது. பதின்மூண்டு பேர் ஒரு வரி எழுதின இடத்திலை ஒருத்தி நூல் கட்டிக் குடுத்திருக்கிறாள். பின்னேரம் மீசைக்காரர் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். பாவம், நல்ல மனுசன். "நீ துறையை முழுக்க வரைஞ்சு வைச்சிருக்கிறியாம். எந்தக் கதவாலை எப்ப போகலாம் எண்டு நேரத்தோடை எழுதியிருக்கிறியாம். அதோடை ஒவ்வொரு தாளிலையும் உச்சியிலை ஒரே குறி இருக்காம், ரெண்டு எண்ட இலக்கம் மாதிரி, வால் நீண்டு. அது என்ன குறி, ஆருக்கு எழுதின குறி எண்டு மேலை கதைக்கினம். நீ அந்த நாட்டிலையிருந்து வந்தனி எண்டும் கதைக்கினம்."

முதல்லை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிள்ளையாரை உளவாளி ஆக்கிப்போட்டாங்களே எண்டு ரெலிபோனை வைச்சுப்போட்டு வயிறு நோகச் சிரிச்சன். பிறகு சிரிப்பு அப்பிடியே நிண்டிட்டுது. பயந்துபோனன். அதை ஒளிக்கத் தேவையில்லை. இந்த வேலை போனால் இன்னொரு வாசல்லையும் என்னை நிக்க விடமாட்டினம். நம்பேலாதவள் எண்டு ஒரு கடதாசியிலை ஒருக்கா எழுதினால் அந்த எழுத்து என்னை விட்டுப் போகாது. அவ்வளவு பாடுபட்டுப் படிச்சதெல்லாம் சும்மா போகும். திரும்பவும் வாளியும் தும்புத்தடியும்தான்.

"கும்பிட்டுக் கேக்கிறன்," எண்டார் என்ரை மனுசன். "போய் மன்னிப்புக் கேளும். பகிடிக்கு எழுதினனான், தெரியாமல் எழுதினனான் எண்டு சொல்லும். எங்கை கையெழுத்துக் கேட்டாலும் வைச்சுப்போட்டு வாரும்."

"நான் என்ன களவெடுத்தனானோ?"

"களவெடுத்தவையை மட்டுமோ பிடிச்சவங்கள்? உமக்குத் தெரியாதோ?"

அந்த மனுசன் கோழை இல்லை. ஊரிலை ரெண்டு தரம் பிடிபட்டு, அடி வாங்கி, ஓம் ஓம் எண்டு சொல்லி உயிரோடை வீட்டை வந்தவர். சீருடை போட்டவன் கேட்டால் ஓம் எண்டுவிடுறதுதான் அவருக்குத் தெரிஞ்ச வழி. இந்த முறை சீருடை போட்டவளே நான்தான், அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஏலாமல் போச்சு. ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு, நாலு நாள் முகம் பாத்துக் கதைக்கேல்லை. கறியிலை உப்புக் காணாட்டிலும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

செவ்வாய்க்கிழமை ஒம்பதரைக்கே வாசல்லை நிண்டன். மீசைக்காரர்தான் காவல். வருகையாளர் பட்டியலைப் பாத்தார், திருப்பிப் பாத்தார். "உன்ரை பேர் இல்லை," எண்டார்.

கோதாரி! விசாரணைக்குக் கூப்பிட்டவைக்கு, அட்டையை மறிச்ச ஆளுக்கு உள்ளை வர ஒரு அனுமதி எழுதி வைக்க வேணும் எண்ட யோசினை இல்லை. மீசைக்காரர் பொறுப்பாளருக்கு ரெலிபோன் அடிச்சார். அடிச்சுக்கொண்டே இருந்தது, எடுக்கிற ஆளில்லை. கடிதத்தைக் காட்டினன். அவர் தலையைச் சொறிஞ்சார். "அட்டையும் இல்லை, பட்டியல்லையும் இல்லை. உன்னை விடேலாது."

"விட்டியெண்டால் உன்னைப் பற்றியும் ஒரு தாள் எழுதுவன்," எண்டன். அவர் செய்தது சரி. நான் நிண்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன்.

பத்து மணிக்குப் பத்து நிமிசம் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி அடங்காது. வராட்டில் நீ குற்றவாளி, வரவும் விடமாட்டம் எண்டால் என்ன நியாயம்? "நான் திரும்ப அடிச்சுப் பாக்கிறன், நில்லு," எண்டார் மீசைக்காரர். நான் நிக்கேல்லை. தெருப்பக்கமா நடந்து கட்டடத்தைச் சுத்திப் போனன். கைப்பையிலை துப்புரவு வேலைக்காலத்து மஞ்சள் மேலங்கி இருந்தது. வாசல்லை மழைக்கு மேலாலை போடுறதுக்கு எண்டு அதை எப்பவும் வைச்சிருக்கிறனான். எடுத்துப் போட்டன். பிடிபட்டால் பொலிஸ், பிறகு கடவுளாலும் காப்பாத்தேலாது எண்டு தெரியும்.

நிலவறைக் கதவு திறந்து கிடந்தது, கட்டையும் தன்ரை இடத்திலை. ரெண்டு பேர் புகைச்சுக்கொண்டு நிண்டவை. "மொய்ன்," எண்டன். வடஜேர்மனியிலை காலமையோ பின்னேரமோ, ஆரைக் கண்டாலும் சொல்லிற வணக்கம் அது. மொய்ன் சொல்லிற ஆளை அங்கை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம். "மொய்ன்," எண்டு அவையும் சொல்லிச்சினம். கையிலை பையும் கடிதமுமா வாறன் எண்டு ஒருத்தர் காலாலை கதவை அகட்டிப் பிடிச்சும் விட்டார். படியேறி ரெண்டாம் மாடிக்குப் போய், இயந்திரத்திலை ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு, கூட்ட அறையிலை போய் இருந்தன்.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் கதவைத் திறந்தார். பின்னாலை மதிப்பீட்டுக்காரி. நரைச்ச தலைமயிர், கட்டையான மனுசி, சப்பாத்து முழுக்கச் சேறு. என்னைக் கண்ட பொறுப்பாளரின்ரை முகம் செத்துப் போச்சு.

"உங்களை ஆர் உள்ளை விட்டது?"

"ஒருத்தரும் விடேல்லை," எண்டன். "ஏழாம் தாளைப் பாருங்கோ."

மதிப்பீட்டுக்காரி என்ரை தாள்களைக் கையிலைதான் வைச்சிருந்தா. ஏழாம் தாளைப் பிரிச்சு வாசிச்சா. "அந்த மரக்கட்டை இப்பவும் இருக்கோ?" எண்டு கேட்டா.

"இருக்கு. இண்டைக்கு ஒரு மனுசன் காலாலையும் பிடிச்சு விட்டவர்."

"இது அத்துமீறல்," எண்டார் பொறுப்பாளர். குரல் மேலை போச்சு. "நான் இப்பவே பொலிசைக் கூப்பிடலாம்."

"கூப்பிடுங்கோ. அவையின்ரை பேரையாவது பட்டியல்லை போட்டுவிட மறக்காதேங்கோ."

மதிப்பீட்டுக்காரி குனிஞ்சு பேனையைத் தேடினா. பொறுப்பாளர் என்ரை முதல் தாளின்ரை உச்சியிலை விரலை வைச்சார். இந்தக் குறி என்ன, ஏன் பதினொரு தாளிலையும் இருக்கு எண்டு கேட்டார்.

"அது பிள்ளையார். எங்கடை கடவுள், யானை முகம். எதை எழுதத் தொடங்கினாலும் முதல்லை அவரைப் போடுவம், தடை ஒண்டும் வராமல் இருக்க."

"தடை வராமல் இருக்கவோ?" பொறுப்பாளர் மதிப்பீட்டுக்காரியைத் திரும்பிப் பாத்தார்.

"எழுதிறதுக்கு வாற தடையைத்தான் அவர் விலத்துவார்," எண்டன். "உங்கடை வேலியிலை கை வைக்க மாட்டார்."

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வரும் எண்டு எனக்குத் தெரியும். அவர் நேரை கேக்கேல்லை, சுத்திச் சுத்திக் கேட்டார். ஒரு துறைக்குள்ளை எப்பிடிப் போகலாம் எண்டு இப்பிடி யோசிக்கிறதுக்கு நான் எங்கை பழகினனான்? எங்கடை நாட்டிலை ஏதாவது பயிற்சி, ஏதாவது தொடர்பு?

எனக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சது. "ஓம், பயிற்சி எடுத்தனான்," எண்டன். "சோதனைச் சாவடியிலை. உங்களைப் போலை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இல்லை, வரிசையிலை நிண்டு. அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்து கூட்டிக்கொண்டு வரேக்கை ஆறு மணித்தியாலம் வெய்யிலிலை நிண்டனாங்கள். கடைசியிலை, கட்டுக்குள்ளை என்ன இருக்கெண்டு பாக்க வேணுமெண்டு அவற்றை கண் கட்டை அவிட்டாங்கள். அந்தாள் கத்தினது இப்பவும் எனக்குக் கேக்கும். அவிட்டுக்கொண்டு நிக்கேக்கையே பக்கத்தாலை பெரிய லொறி ஒண்டு, தார்ப்பாயும் தூக்கிப் பாராமல், சலாம் வாங்கிக்கொண்டு போச்சுது. ஒரு வாசல்லை எங்கை ஓட்டை எண்டு அதிலை நாள்கணக்கா நிக்க வைச்ச சனத்தைத்தான் கேக்க வேணும். நீங்கள் கேட்டீங்கள், நான் சொன்னன். சொன்னதுக்கு என்ரை கண் கட்டையும் அவிட்டுப் பாக்கிறீங்கள்."

 பொறுப்பாளர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிப்போட்டு, முன்னமே அடிச்சு வைச்சிருந்த ஒரு கடதாசியை என்ரை பக்கம் தள்ளினார். நான் எழுதினதெல்லாம் என்ரை ஊகம், அந்தத் தாள்களை நான் மீளப்பெறுகிறன் எண்டு ரெண்டு வரி. அதிலை கையெழுத்து வைச்சால் அட்டை இண்டைக்கே வேலை செய்யுமாம், இந்த விசயத்தை இதோடை மறக்கலாமாம்.

அப்பதான் எனக்குப் பொறுப்பாளரின்ரை பயம் விளங்கினது. பதினொரு தாளும் அரசாங்கத்தின்ரை கோவைக்குள்ளை போனால் எல்லாத்தையும் ஆடிக்கு முந்தி அவர் அடைக்க வேணும். பிழையெல்லாம் என்ரை கற்பனையாப் போனால் அவர் நித்திரை கொள்ளலாம். அவரும் வேலைக்குப் பயந்த ஆள்தான். எண்டாலும் தன்ரை வேலையைக் காப்பாத்த என்ரை மண்டையைப் பிழையெண்டு எழுதித் தா எண்டு கேக்க அவருக்கு என்ன உரிமை?

பொய் சொல்லக் கூடாது, கை பேனைக்குப் போனது. வீட்டிலை என்ரை மனுசன் கும்பிட்டது நினைவிலை வந்தது. கக்கூஸ் மருந்து மணம் மூக்கிலை வந்தது. ஒரு கையெழுத்துத்தானே, ஆர் பாக்கப் போயினம் எண்டு உள்ளுக்கை ஒருத்தி சொன்னாள். பேனையை எடுத்தன். எடுத்தாப்பிறகு எனக்குள்ளை ஏதோ ஒண்டு மாட்டன் எண்டு குத்திட்டு நிண்டது. அவற்றை கடதாசியை ஒதுக்கிப்போட்டு, மதிப்பீட்டுக்காரியிட்டைக் கையை நீட்டினன். அவ ஒண்டும் கேளாமல் என்ரை தாள்களைத் தந்தா.

பதினொரு தாளிலையும் என்ரை முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்து வைச்சன். அவசரப்படேல்லை. பதினொரு தரம்.

"பேர் இல்லாததாலைதானே இவ்வளவு சந்தேகம்," எண்டன். "இந்தாங்கோ பேர். இது கற்பனை இல்லை, எல்லாம் கண்ணாலை கண்டது. அட்டையைத் தராட்டில் விடுங்கோ. வாளியோடை திரும்ப வரவும் எனக்கு வெக்கம் இல்லை. ஆனால் எழுதினதிலை ஒரு எழுத்தும் திருப்பி எடுக்க மாட்டன்."

தாள்களை மதிப்பீட்டுக்காரியிட்டைக் குடுத்தன். அவ அதுகளைத் தன்ரை நீலக் கோவைக்குள்ளை வைச்சு மூடினா. பிறகு பொறுப்பாளரைப் பாத்து, குரல் உயர்த்தாமல் சொன்னா: "கோவைக்குள்ளை வந்ததை நான் நேரிலை பாக்க வேணும். பதினொரு தாளிலையும் உள்ளதை. எழுதினவவும் கூட வரவேணும்."

"அவவுக்கு அட்டை இல்லையே," எண்டார் அவர். "அட்டை இல்லாமல் துறைக்குள்ளை ஒருத்தரும் நடக்கேலாது. சட்டம்."

"ஓம், சட்டந்தான். அப்ப அட்டையைத் திறந்து விடுங்கோ. நான் காத்திருக்கிறன்."

அவ எனக்கு இரங்கிச் செய்தவ எண்டு நான் நினைக்கேல்லை. தன்ரை வேலை ஒழுங்கா முடிய வேணும் எண்டு நினைக்கிற மனுசி, அவ்வளவுதான். எனக்கு அது காணும். பொறுப்பாளர் கீழை போய்க் கணினியைத் தட்டிப்போட்டு வந்தார். வாசல்லை பிடிச்சுப் பாத்தன், பச்சை. மீசைக்காரர் யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டிப்போட்டு, "நீ எப்பிடி உள்ளை போனனி?" எண்டு கேட்டார். பிறகு சொல்லுறன் எண்டுபோட்டு நடந்தன்.

மழை தூறிக்கொண்டு இருந்தது. மூண்டு பேருமா ரயில் கேற்றுக்குப் போனம். ரயில் உள்ளை நிண்டது, கேற் வழமை போலை ஆவெண்டு திறந்து கிடந்தது. வெளியிலை ரோட்டாலை ஒரு கிழவர் நாயோடை போய்க்கொண்டு இருந்தார், விரும்பினால் நாயோடையே உள்ளை வந்து கப்பல் ஏறியிருக்கலாம். மதிப்பீட்டுக்காரி படம் எடுத்தா.

"இதை நீங்கள் என்னட்டை வாயாலை சொல்லியிருக்கலாமே," எண்டார் பொறுப்பாளர். இந்த முறை குரலிலை முறுக்கு இல்லை. "இவ்வளவு எழுதத் தேவையில்லையே."

"சொன்னனான். மாசியிலை ஒருக்கா, பங்குனியிலை ரெண்டு தரம். நல்லது, நல்லது எண்டு சொல்லிக்கொண்டு போனீங்கள்."

அவர் நேரை கேற்றடிக்கு நடந்தார். அந்த இஸ்திரிச் சேட்டோடை போய், கேற்றை ரெண்டு கையாலையும் பிடிச்சு இழுத்தார். அசையேல்லை. காலை ஊண்டி இன்னொருக்கா இழுத்தார். துரு கையெல்லாம் அப்பினதுதான் மிச்சம். மதிப்பீட்டுக்காரி கமராவைக் கீழை விட்டுப்போட்டு என்னைப் பாத்தா.

"அதைக் கொஞ்சம் தூக்கி இழுக்க வேணும்," எண்டன் நான். "அதுவும் எழுதியிருக்கிறன். குறியைப் பாத்துக்கொண்டு இருந்த நேரத்திலை வாசிச்சும் பாத்திருக்கலாம்."